எங்கள் தெருவுக்கும் ஒரு கண்காட்சி வண்டி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூர் பக்கம் டிஜிட்டல் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடைப் போர்டு, ஸ்டிக்கர், கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். ஊரில் எங்கே போட்டோ கண்காட்சி நடந்தாலும் போய்ப் பார்த்துவிடுகிற பழக்கமும் உண்டு. அதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வருகிற செய்திகளையும் விடாமல் படிக்கிறேன். எங்கே நடக்கிறது, யார் தொடங்கி வைத்தார், எத்தனை நாள் என்று எல்லாம் இருக்கும், யார் போய்ப் பார்த்தார்கள் என்பது மட்டும் இருக்காது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், டாக்காவில் படத்தை வண்டியில் ஏற்றித் தெருவுக்குக் கொண்டுபோன விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சென்னை போட்டோ பினாலே என்கிற புகைப்படத் திருவிழா 2016-ல் தொடங்கியது. போட்டோகிராபர்கள் சிலரும் ஜெர்மன் பண்பாட்டு மையமான கோதே இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து ஆரம்பித்தது. அந்த முதல் வருஷமே படங்களைப் பறக்கும் ரயில் நிலையங்களுக்குக் கொண்டுவந்தார்கள், அது சாதாரண விஷயம் இல்லை. 2019-ல் புகைப்படக் கலைஞர் புஷ்பமாலா பொறுப்பில் நடந்தபோது பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைத் திறந்துவிட்டார்கள். 1870-களில் சிஷோம் என்கிற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் கட்டியது, மெரினா ரோட்டில் பஸ்ஸில் போகிறபோது வெளியிலிருந்து பார்த்ததோடு சரி என்று இருந்தவர்கள்தானே நம்மில் பாதிப் பேர், படத்தைப் பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து கூரையையும் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். கடைசியாக 2024 டிசம்பரில் தொடங்கி 2025 மார்ச் வரை நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் படங்கள் இருந்தன, எங்களுக்கு அதுதான் கிட்ட.

எனக்கு இதில் கிடைக்கிற சந்தோஷத்தில் பாதி தொழில் சம்பந்தப்பட்டது, ஒத்துக்கொள்கிறேன். பிரிண்டுக்குப் பக்கத்தில் போய்க் கறுப்புக்குள் எவ்வளவு விவரம் தெரிகிறது, பேப்பர் மேட்டா பளபளப்பா, கண்ணாடி போட்டிருந்தால் என் சட்டை அதில் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்புறம் பத்தடி பின்னால் வந்து படத்தைப் பார்ப்பேன். போனில் தினமும் எத்தனையோ நல்ல படம் கண்ணில் படுகிறது, கட்டைவிரல் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது, எந்தப் படத்தில் என்ன இருந்தது என்று ராத்திரி கேட்டால் சொல்லத் தெரியாது. நாலடி அகலத்தில் ஒரு முகத்தைச் சுவரில் மாட்டினால் அதற்கு முன்னால் நின்றுதான் ஆகவேண்டும். நின்றால்தான் அந்த அம்மாவின் கழுத்தில் இருக்கிற மஞ்சள் கயிறு, பின்னால் ஆணியில் தொங்குகிற ரேஷன் பை, கதவு நிலையில் சாக்பீஸில் எழுதிய போன் நம்பர் எல்லாம் கண்ணுக்கு வரும். படமே அந்த ரேஷன் பையில்தான் இருக்கிறது என்று சில சமயம் தோன்றும்.

சரி, குறைக்கு வருகிறேன். இந்த ஊரில் கேலரிகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு மேப்பில் புள்ளி வைத்துப் பாருங்கள். கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா, ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம், அதையும் தாண்டி முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, நடுவில் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை. எழும்பூரைத் தாண்டி வடக்கே வந்தால் புள்ளி வைக்க இடமே கிடையாது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர், இத்தனை லட்சம் ஜனம் இருக்கிற பக்கம் ஒரு படம் மாட்ட ஆணி இல்லை.

'போக்குவரத்து வசதி இருக்கிறது, வந்து பார்க்க வேண்டியதுதானே' என்று கேட்பார்கள். என் கடைப் பையன் ஒருவனை ஒரு கேலரிக்கு அனுப்பினேன், பெயர் வேண்டாம். வாசலில் செக்யூரிட்டி 'யாரைப் பார்க்கணும்' என்று கேட்டிருக்கிறார். படத்தைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, திரும்பி வந்துவிட்டான். செக்யூரிட்டியைக் குறை சொல்ல மாட்டேன். பனியன் கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட்டோடு அங்கே வழக்கமாக யாரும் வந்திருக்க மாட்டார்கள், அவர் என்ன செய்வார். இதைத் தாண்டி உள்ளே போனாலும் குறிப்பெல்லாம் இங்கிலீஷில், எறும்பு அளவு எழுத்தில், இடுப்பு உயரத்தில் ஒட்டியிருக்கும். குனிந்து படித்தால் ஒரு வாக்கியம் ஒன்பது வரி ஓடுகிறது. எங்கள் ஊர் மீனவரைப் பற்றிய படத்துக்கு அந்த மீனவர் படிக்க முடியாத குறிப்பு எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. வடசென்னையைப் படம் எடுக்க மட்டும் எல்லோரும் வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது எத்தனை கேமரா வந்தது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வந்தது நல்லதுதான், படம் வெளியே போனதால்தான் விஷயமே வெளியே தெரிந்தது. ஆனால் கறுப்பு எண்ணெய் ஒட்டிய வலையைத் தூக்கிக் காட்டிய ஆள், அந்தப் படம் எந்தச் சுவரில் எந்த சைஸில் தொங்கியது என்று பார்த்திருப்பாரா? அவர் வீட்டிலிருந்து அந்தச் சுவர் ரொம்ப தூரம்.

எங்கள் பக்கத்து ஜனத்துக்குப் படம் பார்க்கிற பழக்கம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். இங்கே தெருவே கண்காட்சிதான். பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, பதவி கிடைத்ததற்கு நன்றி, எல்லாவற்றுக்கும் போட்டோ போட்டுச் சுவரில் ஒட்டுகிறோம். நீதிமன்றம் பேனரைத் தடுத்தாலும் போஸ்டர் நிற்கவில்லை. அதிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு முன்னால் நிற்கிற ஜனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, யார், என்ன வயசு, எந்தத் தெரு, கீழே பேர் போட்டிருக்கிற மருமகன்கள் எத்தனை பேர் என்று கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் போவார்கள். எந்தக் கேலரியிலும் ஒரு படத்துக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. அந்தப் போஸ்டருக்கு வீட்டிலிருந்து கொண்டுவருகிற படத்தைப் பார்த்தால் அது வேறு கதை. ஆதார் கார்டிலிருந்து, கல்யாணக் கூட்டப் படத்தில் மூலையிலிருந்து, போனில் யாரோ எடுத்த மங்கல் படத்திலிருந்து முகத்தை வெட்டி எடுத்து, பின்னால் நீல வானம் போட்டு, வேட்டி சட்டையை வேறு யாருடையதிலிருந்தோ ஒட்டி, ராத்திரியோடு ராத்திரியாக அடித்துக் கொடுக்கிறோம். படத்தைக் கையில் வாங்குகிறபோது அந்த வீட்டு ஆள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: 'நல்லா இருக்கும்போது ஒரு நல்ல படம் எடுத்து வைக்கலை.' ஆக இங்கே போட்டோவின் அருமை தெரியாதவர் யாரும் இல்லை.

இப்போது டாக்கா. பங்களாதேஷில் ஷாஹிதுல் ஆலம் என்கிற போட்டோகிராபர் 1989-ல் திரிக் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார், பிறகு பாட்ஷாலா என்று போட்டோகிராபி பள்ளி, 2000-லிருந்து சோபி மேளா என்று உலக அளவில் ஒரு புகைப்படத் திருவிழா. வெளிநாட்டு ஆட்களின் படமெல்லாம் வரும், பெரிய பெரிய அரங்குகளில் நடக்கும். அதோடு நிற்காமல் அவர்கள் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. சைக்கிள் ரிக்‌ஷா வேன் இருக்கிறதே, நம்ம ஊரில் தண்ணீர் கேன் போடுகிற மீன்பாடி வண்டி மாதிரி, அதன்மேல் படங்களைச் சட்டம் அடித்து நிறுத்தி, மிதித்துக்கொண்டே சந்து, மார்க்கெட், விளையாட்டு மைதானம் என்று கொண்டுபோனார்கள். டிக்கெட் கிடையாது, வாசல் கிடையாது, வாசலில் கேள்வி கேட்க ஆளும் கிடையாது. காய்கறிப் பையோடு வந்தவர் அப்படியே நின்று பார்க்கலாம். கேலரிக்கு மாட்டுகிற அதே படம்தான் வேனிலும்.

அந்த ஊருக்கு இது எப்படிச் சுலபமாக வந்தது என்று யோசித்தால், அங்கே ரிக்‌ஷாவே ஒரு நடமாடும் ஓவியம்தான். பின்பக்கத் தகரத்தில் சினிமா நடிகை, மயில், புலி, தாஜ்மகால், விடுதலைப் போர் என்று கண்ணைப் பறிக்கிற நிறத்தில் வரைந்திருப்பார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ அந்த ரிக்‌ஷா ஓவியத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நகருகிற வண்டியில் படம் இருக்கும் என்பது அந்த ஊர்க் கண்ணுக்கு ஏற்கெனவே பழக்கம். நமக்கும் அப்படித்தானே, நம்ம லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்து வளராதவர்கள் யார்?

2010-ல் அதே டாக்காவில், போலீஸ் 'துப்பாக்கிச் சண்டை' என்று சொல்லி ஆட்களைக் கொல்வதைப் பற்றி ஆலம் ஒரு கண்காட்சி வைத்தார். திறப்பு நாளில் போலீஸ் வந்து கேலரியை அடைத்துவிட்டது. திறந்து வைக்க வந்திருந்தவர் எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி. அவர் திரும்பிப் போகவில்லை, வெளியே தெருவிலேயே கண்காட்சி தொடங்கிவிட்டது என்று அறிவித்துவிட்டார்! 2018-ல் ஆலம் கைதாகி நூறு நாளுக்கு மேல் உள்ளே இருந்ததும் செய்தியில் வந்ததுதான். இதையெல்லாம் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. படம் தெருவுக்கு வந்தால் சும்மா இருக்காது, யாராவது கேள்வி கேட்பார்கள், அதற்கும் சேர்த்துத் தயாராக இருக்கவேண்டும்.

நமக்கு இது இறக்குமதி யோசனையும் இல்லை. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தமிழ்நாட்டில் சினிமா அப்படித்தான் ஜனத்திடம் வந்தது, தியேட்டர் கட்டியது பிற்பாடு. 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகத்தை அடுக்கிக் கிராமத்துக்குக் கொண்டுபோனார், நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் வந்து தொடங்கி வைத்தார். புத்தகம் மாட்டு வண்டியில் போயிருக்கிறது, கொல்கத்தா பிர்லா அருங்காட்சியகத்திலிருந்து விஞ்ஞானம் 1965-லேயே பஸ்ஸில் ஏறிக் கிராமத்துக்குப் போயிருக்கிறது, ரேஷன் அரிசியே வண்டியில் வருகிறது. போட்டோவுக்கு மட்டும் என்ன தடை?

சென்னையிலும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் அவ்வளவு பெரிய முகங்களை வரைந்திருக்கிறார்கள், ரயில் ஏறப் போகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள். 2020-ல் கண்ணகி நகரில் குடியிருப்புச் சுவர்களுக்கு ஓவியம் தீட்டினார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவர் ஓவியம் நகராது, ஒருமுறை வரைந்தால் வருஷக் கணக்கில் அதே படம். அதோடு அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், குடியிருப்பவருக்கு மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்பது வேறு பிரச்சினை. நான் கேட்பது மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற படம், தெரு தெருவாக வருகிற படம்.

எப்படிச் செய்யலாம் என்று தொழில்காரனாகச் சொல்கிறேன். பெரிய பஸ்ஸெல்லாம் முதலில் வேண்டாம். கண்டம் செய்த மாநகரப் பேருந்து ஒன்று கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அது எங்கள் சந்துக்குள் நுழையாது. குட்டி யானை போதும். தட்டு ஏழடி நீளம் இருக்கும். நடுவில் கூரை மாதிரி சாய்வாக இரண்டு பக்கமும் சட்டம் அடித்தால், 20-க்கு 30 அங்குலப் படம் நெட்டாக, வரிசைக்கு நாலு, இரண்டு வரிசை, ஆக ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு, பதினாறு படம் நிற்கும். ஒரு கண்காட்சிக்குப் பதினாறு நல்ல படம் தாராளம். நூற்றைம்பது படம் மாட்டிவிட்டு, ஐம்பதாவதிலேயே கால் வலித்துப் போய் ஜனம் வெளியே ஓடுகிற கூத்தை நிறையப் பார்த்தாகிவிட்டது. ஃபிளெக்ஸில் அடிக்கக் கூடாது, வெயிலில் மின்னும், சுருங்கும், அப்புறம் அது குப்பை. நல்ல போட்டோ பேப்பரில் அடித்து, மேட் லேமினேஷன் போட்டு, ஏசிபி என்கிற அலுமினியப் பூச்சுப் பலகையில் ஒட்டினால் மழைச் சாரலுக்கும் தாங்கும், துடைத்து மறுபடி வைக்கலாம். சன்போர்டு என்கிற நுரைப் பலகை மலிவுதான், எண்ணூர்க் காற்றில் ஒரு வாரம் வராது. மேலே ஒரு எல்இடி பட்டை. குறிப்பு தமிழில், பெரிய எழுத்தில், மூன்று வரிக்குள். மந்திரி, கவுன்சிலர், ஸ்பான்சர் படம் எதுவும் வண்டியில் ஒட்டக் கூடாது, இதை முதல் நிபந்தனையாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் முதலில் என் கடைக்கு அடிக்கக் கொண்டுவருவார்கள்.

நேரமும் முக்கியம். கேலரி நேரம் என்று காலை பதினொன்று முதல் ஆறு வரை வைத்தால் யார் வருவார்கள்? காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்து ஆட்கள் டீ குடிக்கிற நேரம், ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் விடுகிற நேரம், மூலக்கடையில் சாயங்காலம் ஆறுக்கு மேல், பெண்கள் வரவேண்டும் என்றால் தெருவுக்குள்ளேயே ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது, சீரியல் வேறு போட்டிக்கு இருக்கும், பரவாயில்லை.

என்ன படம் காட்டலாம் என்று கேட்டால் எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்று கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி ஒருவர், மெட்ராஸ் ராஜதானியின் அரசுப் போட்டோகிராபராக இருந்தவர், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் ஓடுகிற கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக 1858-ல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் பேப்பர் நெகட்டிவ், பெரிய சைஸ் கேமரா, நம்ம ஊர் வெயில், நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. பதிப்புரிமைப் பிரச்சினையும் இல்லை. ஏழடி, ஐந்தடி, ஏழடி என்று குட்டி யானையின் மூன்று பக்கமும் சுற்றி ஒட்டினால் கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும், பார்க்கிறவர் வண்டியைச் சுற்றி வந்தால் கோயிலைச் சுற்றி வந்த கணக்கு. அதற்கு அடுத்த மாதம் எண்ணூர் படங்கள், எண்ணூரிலேயே. தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து எடுத்துவருகிற மதுரைக்காரர் பழனிகுமாரின் படங்கள். அவர் மாதிரி ஆட்கள் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்தும் சொல்லித்தருகிறார்கள், அந்தப் பிள்ளைகளின் படமும் வரட்டும்.

அப்புறம் போன். இங்கே எல்லாப் பையன்களும் பெண்களும் போனில் படம் எடுக்கிறார்கள், சிலது அபாரமாக இருக்கிறது. சிக்னலில் நிற்கிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பட்டம், கடைசி பஸ்ஸில் தூங்குகிற அக்கா, மழைத் தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிற தேர். அதெல்லாம் ஸ்டேட்டஸில் ஒரு நாள் இருந்துவிட்டுப் போய்விடுகிறது. கல்யாண வீடுகளில் படம் எடுத்த உடனே கையில் பிரிண்ட் கொடுக்கிறார்களே, அந்தச் சின்னப் பிரிண்டர் ஒன்றை வண்டியில் வைத்தால், தெருவில் யார் வேண்டுமானாலும் தன் போனிலிருந்து ஒரு படத்தைக் கொடுக்கலாம், இரண்டு பிரிண்ட் போட்டு ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதை வண்டிப் பக்கவாட்டில் கயிறு கட்டி கிளிப்பில் மாட்டலாம். பிரான்ஸைச் சேர்ந்த ஜேஆர் என்கிற கலைஞர் பல வருஷமாக ஒரு லாரியில் இப்படித்தான் ஊர் ஜனத்தின் முகங்களைப் படம் எடுத்துப் பெரிய போஸ்டராக உடனே அடித்துக் கொடுக்கிறார், அவர்கள் அதைத் தங்கள் ஊர்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிசு வேண்டாம், ஆறுக்கு நாலு போதும்.

படத்தைக் கிழித்துவிடுவார்கள், வெற்றிலை துப்பிவிடுவார்கள் என்று ஒரு பெரிய மனிதர் என்னிடமே சொன்னார். பண்டிகைக்குச் சாமி ஊர்வலம் அதே தெருவில்தான் போகிறது, பூவோடு அலங்காரம் அப்படியே திரும்பி வருகிறது. துப்பினால் துடைத்துக்கொள்ளலாம், அதற்குத்தான் லேமினேஷன். உண்மையான தொல்லை அனுமதிதான். நின்ற இடத்தில் காட்ட மாநகராட்சி, டிராபிக் போலீஸ், சட்டம் அடித்த வண்டிக்கு ஆர்டிஓ என்று மூன்று இடம் ஏறி இறங்க வேண்டும், தனி ஆளால் முடியாது. சென்னை சங்கமத்துக்குப் பூங்காவையும் கடற்கரையையும் திறந்துவிட்டு மேடை போட்டுக்கொடுக்கத் தெரிந்த அரசுக்கு ஒரு குட்டி யானைக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுப்பது பெரிய வேலை இல்லை. பினாலே நடத்துகிறவர்களும் அடுத்த முறை இடங்களை முடிவு செய்கிறபோது எழும்பூருக்கு வடக்கே ஒரு வண்டிக்காவது பட்ஜெட் போடவேண்டும்.

என் பங்குக்கு, முதல் வண்டிக்கான பதினாறு பிரிண்டையும் பேப்பர் விலைக்கே அடித்துத் தருகிறேன். பக்கத்தில் இருக்கிற கடைக்காரர்களிடமும் பேசினேன், லேமினேஷனும் சட்டமும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி கொடுக்கவும் அனுமதி வாங்கித் தரவும் யாராவது முன்வந்தால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள், தொடர்புகொள்கிறோம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் என்றால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை